பொறந்த வீட்டுக் கையெழுத்து

கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கங்க அண்ணாச்சி. பைய மடியிலயே வச்சுக்கிறேன், மேல வச்சா மடங்கிரும். உள்ள தாளு இருக்கு. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். நல்லதாப் போச்சு. காலையில இருந்து வீட்ல என்கூட ஒருத்தரும் பேசல. ரெண்டு மணி நேரம் வாய மூடிக்கிட்டு வர நம்மால ஏலாது.

ஒரே ஒரு கையெழுத்து அண்ணாச்சி. முப்பத்திரெண்டு வருசம் கூட இருந்த பொண்டாட்டி. நான் நீட்டுன இடத்துல எல்லாம் போட்டவ. கடை லைசென்சுக்குப் போட்டா, ரேசன் கார்டுக்குப் போட்டா, மக கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கையில போட்டா. இதுக்கு மட்டும் போட மாட்டேன்னுட்டா. நான் என்ன அவ தாலியவா கேட்டேன்? நான் செத்த பெறகு என் கண்ணு, என் கிட்னி, என் ஈரலு, எது தேறுதோ அத எடுத்து இல்லாதவுகளுக்குக் குடுங்கன்னு பதியப் போறேன். என் உடம்பு. நான் குடுக்கிறேன். இதுல அவளுக்கு என்ன போச்சு?

அந்தத் தாளுல ரெண்டு சாட்சி வேணும். ஒருத்தர் நெருங்கின சொந்தமா இருக்கணும். பொண்டாட்டி, பிள்ளை, கூடப்பொறந்தவுக, அப்படி. இன்னொருத்தர் யாரா இருந்தாலும் சரி, நீங்ககூடப் போடலாம். இல்ல இல்ல, உங்களப் போடச் சொல்லல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். போன்லயே ஆதார் நம்பரப் போட்டுப் பதிஞ்சிரலாம்னு கம்ப்யூட்டர் கடையில சொன்னாக. எனக்கும் அதுதான் சுளுவு. ஆனா என் மருமக ஒத்துக்கல. மருமகன்னா தங்கச்சி மக, சிந்துஜா. "உங்க பேரு மட்டும் இருந்து என்ன மாமா பிரயோசனம்? கடைசியில வீட்டாளுகதானே சரின்னு சொல்லணும். வீட்டாளு கையெழுத்தோட தாளக் கொண்டாங்க. அப்பத்தான் என் கல்யாணத்துல நீங்க தாய்மாமன்"னுட்டா.

அடுத்த மாசம் பத்தாந்தேதி கல்யாணம். தாய்மாமன் நான் இங்க குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். மாலை எடுத்துக் குடுக்க அவ அப்பா வழியில யாரையோ கேட்டு வச்சிருக்காளாம். சொந்தத் தாய்மாமனுக்கு இப்படி ஒரு கண்டிசன் போட்ட பிள்ளைய நீங்க எங்கயாவது கண்டிருக்கீகளா?

நான் யாருன்னு சொல்லலையே. பேரு வெயிலுமுத்து. எட்டையபுரத்துல வாடகைப் பாத்திரக் கடை. பந்தலு, பெஞ்சு, அண்டா, சேரு எல்லாம் நம்மகிட்ட உண்டு. அது பெருசில்ல. எங்க பக்கம் ஒரு சாவு, துஷ்டி வீடுன்னா முதல் போன் எனக்குத்தான் வரும். யாருக்கு ஆள் விட்டுச் சொல்லணும், யாருக்குப் போன் போதும், எந்த வீட்டுக் கோடித் துணி முதல்ல விழணும், எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கும். கட்டிக் குடுத்த பொண்ணு செத்துப் போனா பொறந்த வீட்டுக் கோடி வராம ஒரு பய சவத்துல கை வைக்க முடியாது. அண்ணன் தம்பி வரணும், மொகத்தப் பாக்கணும், சேலையப் போத்தணும், "சரி, தூக்குங்க"ன்னு சொல்லணும். அதுதான் மொற. ஒரு தடவ கீழத்தெருவுல அண்ணங்காரன் வர்ற வரைக்கும் மூணு மணி நேரம் பாடைத் தேரை நிப்பாட்டி வச்சேன். எல்லாரும் என்னைத் திட்டுனாக. அவன் வந்து சேந்ததும் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதான் பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சது எல்லாருக்கும்.

அப்படி மொற பாக்கிற ஆளுக்கு, சொந்தத் தங்கச்சி விசயத்துல, போன்ல சொன்னாக.

ஜெயக்கொடின்னு பேரு. எனக்கு நேர் எளையவ. அருப்புக்கோட்டையில கட்டிக் குடுத்தது. சத்துணவுல அமைப்பாளரா இருந்தா. மாப்பிள்ளை சீனிராஜ் நல்ல மனுசன், மில்லுல சூப்பர்வைசர், ஒரு வார்த்த அதிர்ந்து பேச மாட்டாரு. போன வருசம் சித்திரைக்கு முன்னாடி, ஒரு திங்கக்கிழம, பள்ளிக்கூடத்துக்குப் போகையில லோடு ஆட்டோக்காரன் பின்னால இருந்து தட்டிட்டான். ஸ்கூட்டியில ஒரு கீறல் இல்ல. இவளுக்குத் தலையில அடி. மதுரையில பெரிய ஆஸ்பத்திரில சேத்தாக. அன்னைக்கே போய்ப் பாத்தேன். கண்ணு முழிக்கல. டாக்டர் பாப்போம்னாரு. கடையப் பாக்க ஆளில்ல, திரும்பிட்டேன்.

வியாழக்கிழம காலையில ஒம்பது மணிக்குப் போன். யாரு பேசுறது தெரியுமா? சிந்துஜா கூட வேலை பாக்கிற ஒரு பொண்ணு. முன்னப்பின்னத் தெரியாத பொண்ணு. மூளை செத்துப் போச்சாம். ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவ சோதிச்சுப் பாத்துட்டாகளாம். இனிமே திரும்பாதாம். "சிந்துஜா அப்பா நீங்க வராம எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு, கொஞ்சம் சீக்கிரம் வாங்க மாமா"ன்னு சொல்லுது. தங்கச்சி போயிட்டாங்கிறது ஒரு பக்கம். இதப் போன்லயா சொல்றது? பொறந்த வீட்டுக்கு ஒரு ஆளு நேர்ல வர வேண்டாமா? மாப்பிள்ளை வீட்ல அண்ணன் தம்பி நாலு பேரு இருக்காக. ஒருத்தன் கார எடுத்துக்கிட்டு வந்தா கொறஞ்சா போயிருவான்?

வருவாகன்னு பாத்தேன். சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல சேர்ல உக்காந்திருந்தேன், பதினோரு மணி வரைக்கும். நடுவுல நாலு தடவ போன் அடிச்சது. எடுக்கல. ஆள் வந்து கூப்பிடட்டும்னு இருந்தேன். என் பொண்டாட்டி ராஜகனி, "இப்பப் போயி மொற பாத்துக்கிட்டு இருக்கீகளே, கெளம்புங்க"ன்னு கத்துனா. அவளுக்கு என்ன தெரியும்? ஒருத்தரும் வரல. கடைசியில நானாத்தான் கெளம்புனேன்.

வெறுங்கையோட போக முடியுமா? கோயில்பட்டியில எறங்கி மூணு கடை ஏறி எறங்குனேன் கோடிச் சேலைக்கு. சுமங்கலியாப் போறா, அரக்குச் செவப்புல நல்ல கரை வேணும். மொதக் கடையில கரை சின்னது. ரெண்டாவது கடைக்காரன் எதுக்குன்னு கேட்டுட்டு மட்டமானத எடுத்துப் போட்டான். எனக்குக் கோவம் வந்திருச்சு. என் தங்கச்சிக்குக் கடைசிச் சேலைடா அதுன்னு சொல்லிட்டு எறங்கிட்டேன். மூணாவது கடையில கிடைச்சது. நல்ல சேலை அண்ணாச்சி. அவ உயிரோட இருந்தா அதக் கட்டிக்கிட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிக் காட்டியிருப்பா.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரையில மூணரை. வராந்தாவுல எல்லாரும் என்னையத்தான் பாத்துக்கிட்டு நிக்காக. மாப்பிள்ளை வந்து கையப் பிடிச்சுக்கிட்டாரு. கூட ஒரு பொண்ணு, ஆஸ்பத்திரிப் பொண்ணுதான், உறுப்பு தானம் பத்தி எடுத்துச் சொல்ற வேலை. ரொம்பத் தன்மையாத்தான் பேசுச்சு, அதக் கொற சொல்ல மாட்டேன். "அம்மா ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே பதிஞ்சிருக்காங்க அய்யா. அட்டை அவங்க பர்சுல இருந்தது. சாருக்குச் சம்மதம். நீங்க வந்து சொல்லணும்னு காலையில இருந்து காத்துக்கிட்டு இருக்கோம்."

முதல்ல பாத்துட்டு வாரேன்னு உள்ள போனேன். அங்க என்ன பாக்கிறேன்? நெஞ்சு ஏறி எறங்குது. கையத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. தூங்குறவ மாதிரி. எத்தனை சவத்தப் பாத்திருப்பேன் நான், இருபத்தஞ்சு வருசமா? ஒண்ணாவது இப்படி இருந்திருக்கா? வெளிய வந்தேன். உசுரு இருக்கிறவள அறுக்க விட மாட்டேன்னு சொன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு, "அது மெஷின் விடுற மூச்சு அய்யா. மெஷின எடுத்தா ஒண்ணும் இருக்காது. இதயமும் ரொம்ப நேரம் தாங்காது. அதுக்குள்ள செஞ்சா நாலஞ்சு பேருக்காவது ஆகும்"னு சொல்லுது. நாலஞ்சு பேரு எனக்கு யாரு? என் தங்கச்சிய எனக்கு முழுசாக் குடுங்கன்னுட்டேன்.

அப்பத்தான் சிந்துஜா கேட்டா. அழுது அழுது கண்ணு வீங்கிப் போயிருந்தது. "கையில என்ன மாமா?"

"கோடிம்மா."

"கோடி யாருக்குப் போத்துவாக?"

"என்னம்மா கேள்வி இது?"

"செத்தவுகளுக்குத்தானே? அம்மா செத்துட்டாகன்னு நம்பித்தானே மாமா கடைகடையா ஏறி வாங்கியாந்தீக? இங்க வந்து உசுரு இருக்குங்கிறீக?"

சொல்லுங்க அண்ணாச்சி. ஆஸ்பத்திரி வராந்தாவுல, அத்தனை பேருக்கு முன்னாடி, பெரிய மனுசன்கிட்டக் கேக்கிற கேள்வியா இது? எனக்குப் பதில் தெரியாமயா? அது வேற, இது வேற. கோடி வந்து மொற. அத நேரத்துக்குக் கொண்டு போகணும். உசுரு விசயம் வேற. எப்படிச் சொன்னா உங்களுக்குப் புரியும்? எனக்கே இப்பச் சொல்லையில சரியா வரமாட்டேங்குது. ஆனா அது வேறதான்.

மாப்பிள்ளை பேனாவ மூடி கழத்திக் கையில வச்சுக்கிட்டே நின்னாரு. "மச்சான், அவ ஆசைப்பட்டுச் செஞ்சது. நான் போட்டுறவா?"ன்னு கேட்டாரு. நான் சொன்னேன், "நீங்க புருசன், தாராளமாப் போடலாம். ஆனா பொறந்த வீட்டுக் கோடி விழாது. யோசிச்சுக்கங்க." அவ்வளவுதான் சொன்னேன். போடாதீகன்னு ஒரு வார்த்த நான் சொல்லல. அவராத்தான் பேனாவ மூடிச் சட்டப் பையில வச்சுக்கிட்டாரு. இன்னைக்கு ஊரே என்னைச் சொல்லுது, நான் தடுத்தேன்னு.

மறுநாள் காலையில இதயம் தன்னால நின்னு போச்சு.

சாத்தூர் வந்திருச்சு பாருங்க. வெள்ளரிக்காய் வாங்குறீகளா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். காலையில இருந்து சாப்பிடவும் தோணல.

முழுசாக் குடுங்கன்னு கேட்டேன்னு சொன்னேன்ல? அதுலயும் பாருங்க. ஆக்சிடென்ட் கேசு. போலீஸ் வந்துட்டாக. போஸ்ட்மார்ட்டம் பண்ணாமக் குடுக்க மாட்டாகளாம். சட்டமாம். வெள்ளத் துணியில சுத்தி, தலையில இருந்து வயிறு வரைக்கும் கட்டித்தான் குடுத்தாக. இதை மொத நாளே யாராவது எனக்கு எடுத்துச் சொன்னாகளா? எப்படியும் அறுக்கத்தான் போறாகன்னு தெரிஞ்சிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன். அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சொன்னதா சிந்துஜா சொல்றா. என் காதுல விழல. அப்புறம் இன்னொண்ணு. தானம் குடுத்தவுகளுக்கு இப்பக் கவர்மெண்டு மரியாதை உண்டாம், அதிகாரிக வந்து மாலை போடுவாகளாம். எட்டையபுரத்துக்காரன் தங்கச்சிக்கு அது நடந்திருந்தா எப்படி இருந்திருக்கும்? அதையும் ஒருத்தரும் சொல்லல. எதையுமே சொல்லாம, நான் மட்டும் சரின்னு தலையாட்டணும்னா எப்படி?

எழவு நல்லா எடுத்துச் செஞ்சோம். ஒரு கொற இல்ல. பொறந்த வீட்டுக் கோடிய நான்தான் போத்துனேன். அந்த அரக்குச் செவப்பு அவ்வளவு எடுப்பா இருந்துச்சு. துணிக்கட்டு வெளிய தெரியாம கழுத்து வரைக்கும் இழுத்து விட்டேன்.

பதினாறாம் நாள் விசேசம். வீடு நெறைய ஆளு. ஆபீசுல ஏதோ சர்ட்டிபிகேட் கேட்டாகன்னு சிந்துஜா அவ அம்மா பீரோவுல தேடிக்கிட்டு இருந்தா. ஒரு பைலோட வந்தா. என் முன்னாடி வச்சா. உடல் உறுப்பு தானம் பண்ணப் பதிஞ்ச தாளோட காப்பி. கீழ சாட்சி ரெண்டு. ஒண்ணு அவ கூட வேலை பாத்த டீச்சர். இன்னொண்ணு நெருங்கின சொந்தம்னு போட்டு, "பெ. வெயிலுமுத்து, அண்ணன்". கீழ ஒரு கோடு, கோட்டுக்குக் கீழ ரெண்டு புள்ளி. என் கையெழுத்துத்தான். அந்த ரெண்டு புள்ளி இந்த ஜில்லாவுல வேற எவனும் வைக்க மாட்டான்.

"உங்ககிட்டத்தான் மாமா அம்மா முதல்ல கேட்டிருக்காக"ன்னா. உள்ள போயிட்டா. அன்னையில இருந்து என்கிட்டப் பேச்சில்ல. ஒரு வருசம். இந்தக் கல்யாணப் பேச்சு எடுத்த பெறகுதான் வாயத் தெறந்தா, அதுவும் கண்டிசனோட.

இப்ப நீங்க சொல்லுங்க. தங்கச்சி ஒரு தாள நீட்டுறா. அண்ணன் படிச்சுப் பாத்துட்டா போடுவான்? எத்தனை போட்டிருக்கேன் அவளுக்கு? காலேஜுல சேக்கப் போட்டேன், கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணையில போட்டேன், வேலையில சேரப் போட்டேன். அன்னைக்குக் கடையில ஒரே கூட்டம். மேலத்தெரு துஷ்டிக்குச் சேர் ஏத்திக்கிட்டு இருக்கேன். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா, வேர்த்து விறுவிறுத்துப் போய் நிக்கா. "அண்ணே, ஒரு கையெழுத்து." குடுன்னு வாங்கி, அண்டா மூடி மேல வச்சுப் போட்டுக் குடுத்தேன். "படிச்சுப் பாருண்ணே"ன்னா. ஒனக்குப் போட நான் படிக்கணுமாக்கும்னேன். சிரிச்சா. "இல்லண்ணே, இது வேற. எங்க பள்ளிக்கூடத்துல சமைக்கிற மாரித்தாய் இருக்காள்ல, அவ புருசன் மூணு வருசமா கிட்னிக்குக் காத்துக் கெடந்து போன வாரம் போயிட்டான். அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. நான் செத்தா"ன்னு ஆரம்பிச்சா. நான் விடல. கடையில வச்சு அச்சானியமாப் பேசாத, போய் மதினிகிட்டக் காப்பி வாங்கிக் குடின்னு அனுப்பிட்டேன். கொஞ்ச நேரம் நின்னா. நான் சேர் எண்ணிக்கிட்டு இருந்தேன். பெறகு போயிட்டா.

வீட்ல புருசன் இருக்காரு. வயசுக்கு வந்த மக இருக்கா. அவுககிட்ட வாங்காம ஐம்பது கிலோமீட்டர் என்னைத் தேடி வந்திருக்கா. ஏன்னு நீங்க கேக்கலாம். சிந்துஜா கேட்டா. இந்தக் கல்யாணப் பேச்சப்போ கேட்டு, அவளே பதிலும் சொன்னா. "பொறந்த வீட்ல சரின்னு சொன்னாத்தான் மாமா நடக்கும்னு அம்மாவுக்குத் தெரியும். உங்க தங்கச்சில்ல, மொற தெரியாமயா இருக்கும்?" பேச்சப் பாத்தீகளா? பழகின வக்கீல் தோத்துப் போவான்.

சரி. நடந்தது நடந்து போச்சு. மருமக கேக்கிறா, பதிஞ்சிருவோம்னு நானும் மனசத் தேத்திக்கிட்டு தாள வாங்கியாந்தேன். போன ஞாயித்துக்கிழம ராஜகனி அடுப்படியில இருந்தா. போடுன்னு நீட்டுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு வரி விடாமப் படிச்சா. அவ படிச்சது எட்டாவது. படிச்சு முடிச்சு மடிச்சு என் கையிலயே குடுத்துட்டா.

"மாட்டேன்."

"ஏன்?"

"உசுரு இருக்கையிலயே அறுத்துருவாகன்னு நீங்கதானே சொன்னீக. நெஞ்சு ஏறி எறங்குச்சு, கை வெதுவெதுன்னு இருந்துச்சுன்னு தெருத் தெருவாச் சொன்னீகள்ல? அதக் கேட்டுத்தானே நம்ம ஊர்ல பதிஞ்சிருந்த ரெண்டு பேரும் அட்டையக் கிழிச்சுப் போட்டாக? நானும் அதத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன். நாளைக்கு நீங்க அப்படிக் கெடந்தா என் கையால எப்படிக் குடுக்க?"

அது மெஷின் விடுற மூச்சுன்னு சொன்னேன். மூளை செத்துட்டா ஆளு செத்தாச்சு, ரெண்டு தடவ சோதிச்சுத்தான் சொல்லுவாகன்னு சொன்னேன். அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு சொன்னத வரிசையா அப்படியே சொன்னேன். எனக்கே ஆச்சரியம், ஒரு வார்த்த மறக்கல. காதுல விழலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாம் விழுந்திருக்கு. அவ கேக்கிற மாதிரி இல்ல. "என் உடம்பக் குடுக்கிற உரிமை எனக்கு இல்லையா"ன்னு கேட்டேன். "உங்க தங்கச்சிக்கு இருந்துச்சா"ன்னு கேட்டா.

அஞ்சு நாளா இதே சண்டை. உயிரோட இருக்கிற மனுசன், வாயத் தெறந்து, என் உடம்ப என்ன செய்யணும்னு நான் சொல்றேன். கேக்க மாட்டேங்கிறா. எவ்வளவு எரிச்சலா வரும்? நீங்களா இருந்தா வராதா? நாளைக்குப் பேச முடியாமக் கெடந்தா என் பேச்சு அப்ப எங்க எடுபடும்? நெனச்சா நெஞ்சு கொதிக்குது அண்ணாச்சி. இவ ஒருத்தி தலையாட்டலன்னா நான் எழுதி வச்சதுக்கெல்லாம் ஒரு அர்த்தமும் இல்ல.

அதான் மக வீட்டுக்குப் போறேன். பொன்செல்வி, ஒரே மக, மதுரையில அண்ணா நகர்ல இருக்கா. நெருங்கின சொந்தத்துல அவளும் உண்டு. ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். இந்தப் பையில வேற தாளும் வச்சிருக்கேன், பேங்குல வாரிசு பேரு மாத்துறதுக்கு. அதுக்கு நடுவுல இதச் சொருகிட்டாப் போதும். இங்க போடும்மா, இங்க போடும்மான்னு விரல வச்சுக் காட்டிக்கிட்டே போனாப் போட்டுருவா. அப்பா நீட்டுனாப் படிச்சா பாக்கப் போறா? வேல முடிஞ்சது. பத்தாந்தேதி மேடையில நான் நிப்பேன்.

என்ன சிரிக்கிறீக? சிரிக்கலையா? பெறகு ஏன் அப்படிப் பாக்கிறீக?

ஓ.

தெரியாமப் போட்ட கையெழுத்து அன்னைக்கு நிக்குமான்னு கேக்கிறீக. அவ எந்த வராந்தாவுலயாவது நின்னுக்கிட்டு, எங்கப்பாவ முழுசாக் குடுங்கன்னு சொல்ல மாட்டாளான்னு கேக்கிறீக.

சொல்லுவா. என் மக. கட்டாயம் சொல்லுவா. என்னை மாதிரியே சத்தமாச் சொல்லுவா.

விருதுநகர் தாண்டியாச்சா? திருமங்கலம் வரப் போகுதா? பேசிக்கிட்டே இருந்ததுல தெரியல.

அப்பச் சொல்லித்தான் ஆகணும்ங்கிறீக. உக்கார வச்சு, நேரா, வாயால. அதுல என்ன கஷ்டம், சொல்லிட்டாப் போச்சு. துஷ்டி வீட்லயே காலத்தக் கழிச்சவன் நான், எனக்கா சாவப் பத்திப் பேச வராது? இருங்க, எப்படிச் சொல்றதுன்னு பாப்போம். இப்ப நீங்க பொன்செல்வின்னு வச்சுக்கங்க. சும்மா, ஒரு பேச்சுக்கு. அவ காப்பி கொண்டாந்து வைப்பா. நான் குடிப்பேன். குடிச்சுட்டு, யம்மா, அப்பா ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்கும் வயசாகுது. நாளைக்கே ஒண்ணுன்னா...

இல்ல, அப்படி வேண்டாம். அது சுத்தி வளைக்கிறது. நேராச் சொல்றேன். யம்மா பொன்செல்வி, நான் வந்து, இப்ப, ஒருவேளை நான்...

என்ன அண்ணாச்சி இது. அவ பிள்ளை ரெண்டும் மடியில வந்து ஏறிக்கிரும். மருமகன் டிவி போட்டிருப்பாரு. அங்க எப்படிச் சொல்ல? சரி, திரும்பச் சொல்றேன். யம்மா, நான் செத்தா...

பாத்தீகளா? பாத்தீகளா? நீங்களே கையக் காட்டிட்டீக. "நல்ல பேச்சுப் பேசுங்க அண்ணாச்சி, பிரயாணத்துல போயி"ங்கிறீக. உங்களத் தப்புச் சொல்லல. முன்னப்பின்னத் தெரியாத ஆளு நான், என்னையே அந்த வார்த்தைய முடிக்க விட உங்களுக்கு மனசு வரல. கூடப்பொறந்தவ சொல்ல வந்தா எனக்கு எப்படி வரும்? வராதுதான். ஆனா அவ நின்னா அண்ணாச்சி. அண்டாவுக்குப் பக்கத்துல அந்தத் தாளக் கையில பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. நான் திரும்பினாச் சொல்லிரலாம்னு நின்னுருக்கா. நான் நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்.

இல்ல, கண்ணுல தூசி. சன்னல மூடாதீக, இருக்கட்டும்.

ஒரு உதவி பண்ணுங்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம இருங்க. கையக் காட்டாதீக. என்னைப் பாக்கவும் வேண்டாம், வெளிய பாத்துக்கிட்டு இருங்க, போதும்.

யம்மா பொன்செல்வி. நான் செத்தா, எரிக்கிறதுக்கு முன்னாடி, எங்கிட்ட என்ன தேறுதோ அத எடுத்து வேணுங்கிறவுகளுக்குக் குடுக்கச் சொல்லிரு. என் நெஞ்சு ஏறி எறங்குற மாதிரி இருக்கும். கை சூடா இருக்கும். அதப் பாத்து மனச மாத்திக்கிடாத. அம்மா அழுவா, வேண்டாம்பா. அவளப் பிடிச்சுக்கோ. நீ கையெழுத்துப் போடு.

அவ்வளவுதான் அண்ணாச்சி. அவளும் இவ்வளவுதான் சொல்ல வந்திருப்பா. அர நிமிசம்கூட ஆகல.